பிரேக்கில் கை வைத்தவன்

வாங்கிய ஜீப்பில் பிரேக் ஒழுங்காகப் பிடிக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே அதற்கு நான்கு கூடுதல் விளக்கு வாங்கியவன் நான். இதை முதலில் சொல்லிவிட்டால் மீதியைச் சொல்வது கொஞ்சம் சுலபமாக இருக்கும்.

வண்டி மகிந்திரா சி.ஜே. 3பி. 1970களின் கடைசியில் பதிவானது. ஏதோ ஓர் அரசுத் துறையில் ஓடி, ஏலத்தில் கைமாறி, பாலக்கோட்டுப் பக்கம் ஒரு மாந்தோப்பில் வருடக்கணக்காக உரமூட்டையும் மாங்கூடையும் சுமந்து, கடைசியில் என் வீட்டு வேப்பமரத்தடிக்கு வந்து சேர்ந்தது. மேலே பூசியிருந்த பச்சையைச் சுரண்டினால் அடியில் வேறு இரண்டு நிறங்கள் தெரிந்தன. உறவுக்காரர்கள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போயி காசு குடுத்தியா?" என்றார்கள். எனக்கு அதுவே பெருமையாக இருந்தது. இவர்களுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்திருந்ததெல்லாம் கதைதான். 1945இல் லூதியானாவில் மகிந்திரா அண்ட் முகமது என்ற பெயரில் இரும்பு வியாபாரத்துக்காகத் தொடங்கிய கம்பெனி. பங்குதாரர் குலாம் முகமது பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சர் ஆகிவிட, 1948இல் அது மகிந்திரா அண்ட் மகிந்திரா ஆனது. அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைத் தருவித்துப் பம்பாயில் பூட்டி விற்க ஆரம்பித்தார்கள். 3பி மாடல் அமெரிக்காவில் 1953இல் வந்தது, 1968இல் நின்றுபோனது. இங்கே அதற்குப் பிறகும் பல வருடம் செய்து விற்றார்கள். இதில் வைத்த ஹரிகேன் எஞ்சின் உயரமானது, பழைய பானெட்டுக்குள் அடங்கவில்லை, அதனால்தான் இந்த மாடலுக்கு மட்டும் நெற்றி தூக்கியிருக்கும். நான்கு சிலிண்டர், 2,199 சி.சி., பெட்ரோல், மூன்று கியர். வருகிறவர்களிடம் இதையெல்லாம் ஒப்பிப்பேன். பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார் என்பதால் கேட்கிறவர்களும் நம்பிவிடுவார்கள். இவ்வளவு தெரிந்தவனுக்கு ஜீப்பைப் பற்றியும் தெரிந்திருக்கும் என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

விளக்கு விஷயத்துக்கு வருகிறேன். நான்கு விளக்கு, ஒவ்வொன்றும் 100 வாட். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. நானூறைப் பன்னிரண்டால் வகுத்தால் 33 ஆம்பியர் வரும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் நான் போட்டுக் காட்டும் கணக்கு இது. அந்த மின்னோட்டத்தை டேஷ்போர்டில் இருந்த அரதப்பழசான சுவிட்சு வழியாக, ரிலே இல்லாமல், ஃபியூஸ் இல்லாமல், ஃபேனுக்குப் போடுகிற மெல்லிய ஒயரில் இழுத்தேன். முதல் நாள் இரவு வீட்டு வாசலில் போட்டுக் காட்டினேன். தெருவே பகலானது. கொஞ்ச நேரத்தில் ஸ்டீயரிங்குக்கு அடியிலிருந்து புகை வந்தது. பேட்டரி ஒயரைப் பிடுங்கி எறிந்ததால் வண்டி தப்பியது. மறுநாள் எல்லோரிடமும், "மட்டமான ஒயரைக் குடுத்து ஏமாத்திட்டான்" என்று சொன்னேன். கடைக்காரர் பாவம், நான் கேட்ட ஒயரைத்தான் கொடுத்தார். யோசித்துப் பார்த்தால் என் பழக்கம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

பிறகு டயர். கம்பெனி போட்டது 6.00-16, ஒல்லியான டயர். அது வண்டிக்கு அழகாக இல்லை என்று பெங்களூரு வரைக்கும் போய் 31 அங்குல அகல டயர் வாங்கி வந்தேன். மாட்டுவதற்காக வண்டியை ஜாக்கியில் தூக்கினேன். வலப்பக்கச் சக்கரங்கள் சுலபமாகக் கழன்றன. இடப்பக்கம் ஒரு நட்டுகூட அசையவில்லை. ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி, அதன்மேல் ஏறி நின்று மிதித்தேன். ஸ்டட் முறிந்தது. அடுத்ததையும் மிதித்தேன், அதுவும் முறிந்தது. துரு ஏறிவிட்டது என்று முடிவு கட்டினேன். வில்லிஸ் வழி வந்த பழைய ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை. ஓடும்போது தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்தார்கள். எல்லோரும் கழற்றுகிற பக்கம் திருப்பினால் அது இறுகும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்கியிருக்கிறேன்.

அந்த ஸ்டட்டுகளை மாற்றிக் கொடுத்தவர்தான் மேஸ்திரி. பெயர் வேண்டாம். எங்கள் ஊரில் ஒரு தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். சின்ன வயதில் ஜீப் வேலை மட்டும் பார்த்தவர், பிற்பாடு பிழைப்புக்காகத் தக்காளி ஏற்றும் பிக்கப் வண்டிகளுக்கு மாறியவர். முறிந்த ஸ்டட்டைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "லெஃப்ட் மரை சார். தெரியாதவங்க எல்லாரும் ஒடைக்கிறதுதான்" என்றார். டயர்களைப் பார்த்துவிட்டு, "இது வேணுமா சார்? ஸ்டீயரிங் கனக்கும். பிரேக்கும் பத்தாது. டிரம் அதே ஒம்போது இஞ்சுதான இருக்குது" என்றார். நான் அதைக் கேட்டுக்கொண்டேனே தவிர மனசில் போட்டுக்கொள்ளவில்லை. சக்கரம் பெரிதானால் அதே பிரேக் அதே வண்டியை நிறுத்த அதிகம் உழைக்க வேண்டும் என்பதற்கு மேஸ்திரி தேவையில்லை. நெம்புகோல் பாடம் நடத்துகிற எனக்கே தெரிந்திருக்க வேண்டும்.

புது டயர் போட்டதும் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், முன் சக்கரம் இரண்டும் வெறி பிடித்ததுபோல இடமும் வலமும் ஆடும். ஸ்டீயரிங் கையைப் பிய்த்துக்கொண்டு போகும். நிறுத்தினால்தான் அடங்கும். ஆட்டத்தை மறைக்க ஸ்டீயரிங் டேம்பர் ஒன்றை வாங்கி மாட்டிப் பார்த்தேன். கொஞ்ச நாள் அடங்கிக் கிடந்து திரும்ப வந்தது. கடைசியில் மேஸ்திரிதான் முன் அச்சின் இரண்டு முனையையும் பிரித்தார். கிங் பின் பேரிங் தேய்ந்து குழி விழுந்திருந்தது. புது பேரிங் போட்டு, அடியில் வைக்கும் மெல்லிய சிம் தகடுகளை ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்த்தார். காய்கறிக் கடையில் வைத்திருப்பார்களே, கொக்கி போட்ட ஸ்பிரிங் தராசு, அதை மாட்டி இழுத்து எத்தனை எடைக்குத் திரும்புகிறது என்று அளந்தார். அதிகம் இறுக்கினாலும் கெடும், குறைந்தாலும் ஆடும். ஒரு பகல் முழுக்க அவர் அந்த வேலையில் உட்கார்ந்திருந்ததைப் பக்கத்தில் முக்காலி போட்டுப் பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் வந்து ஓட்டிப் பார்த்தார்கள். "ஆட்டமே இல்லையேப்பா, யாரு பண்ணது?" என்று கேட்டார்கள். "நான்தான்" என்றேன். தராசுக் கதை, சிம் கதை எல்லாவற்றையும் என் கதையாகச் சொன்னேன். வாய் தவறி வரவில்லை. யோசித்துத்தான் சொன்னேன்.

இந்த வண்டியை எதற்கு வாங்கினேன் என்று யாராவது கேட்டிருந்தால் மலை ஏற என்றிருப்பேன். தர்மபுரி மாவட்டத்தில் மலைக்குப் பஞ்சமில்லை. வத்தல்மலைக்கு இப்போது தார்ச்சாலை இருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தே ஏறுகிறது, மேலே மிளகும் காப்பியும் சாமையும் விளைகிறது. அங்கே போக ஜீப் தேவையில்லை. சித்தேரிக்கும் பேருந்து உண்டு. ஜீப் தேவைப்படுகிற இடம் பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலை. சாலை இல்லாமல் தேர்தலுக்குத் தேர்தல் வாக்குப் பெட்டியும் பிறகு வாக்கு இயந்திரமும் கழுதை முதுகில் ஏறிப் போன ஊர் அது. அந்தப் பாதையின் அடிவாரத்துக்குக்கூட என் ஜீப் போனதில்லை. போனதெல்லாம் கல்யாண மண்டபம், ஒகேனக்கல் மீன் வறுவல், ரேஷன் கடை. மலைக்காகப் போட்ட டயரும் விளக்கும் தார்ச்சாலையில் ஊரார் பார்ப்பதற்காகச் சுற்றின.

சட்டமும் எனக்குத் தெரியாததல்ல. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நான் முன்னால் பூட்டியிருந்ததுபோன்ற கம்பித் தடுப்பை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு கூடாது என்றது. பாதசாரிக்கு ஆபத்து என்பதே காரணம். பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனபோது அநியாயம் என்று டீக்கடையில் அரை மணி நேரம் பேசினேன். புதுப்பிப்பு ஆய்வுக்குப் போகும் முன்தினம் விளக்கையும் கம்பியையும் பெரிய டயரையும் கழற்றி வைத்து, பழைய டயரில் போய் முத்திரை வாங்கி வந்து, மறுநாள் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். திங்கட்கிழமை காலை இறைவணக்கக் கூட்டத்தில் சாலைப் பாதுகாப்பு உறுதிமொழி வாசித்தவனும் நான்தான்.

இனி பிரேக்.

பெடலை ஒரு தடவை மிதித்தால் பாதிக்கு மேல் இறங்கும், இரண்டாவது மிதியில்தான் பிடிக்கும். மேஸ்திரியிடம் சொன்னேன். கழற்றிப் பார்க்காமலே, "வீல் சிலிண்டர் ஒழுகும் சார். ரப்பர் பக்கெட் எல்லாம் மாத்தணும். இந்த வண்டியில ஒரே லைனு, ஒரு பக்கம் போச்சுன்னா நாலும் போச்சு. திங்கக்கெழம கொண்டாங்க, அதுவரைக்கும் ஓட்டாதீங்க" என்றார். பழைய ஜீப்புகளில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறைதான். இந்தக் காலத்து வண்டிகளில் இரண்டு தனித்தனிப் பாதை இருக்கும், ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும். இதில் அந்த வசதி இல்லை.

திங்கள் வரைக்கும் ஏன் காத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. பிரேக் என்றால் என்ன, பாஸ்கல் விதி. அடைபட்ட திரவத்தின் ஓர் இடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் அப்படியே போகும். ஒன்பதாம் வகுப்புப் பாடம். ஃபோனில் இரண்டு வீடியோ பார்த்தேன். ரப்பர் பாகங்கள் வாங்கி வந்து சனிக்கிழமை மாலை வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். சிலிண்டரின் உட்சுவரை உப்புத்தாளால் தேய்த்தேன், புது பக்கெட்டைச் செருகினேன், மூடினேன். அதுவரை நன்றாகத்தான் செய்தேன் என்று மேஸ்திரியே பிற்பாடு சொன்னார்.

ஏர் எடுக்கும்போதுதான் வந்தது வினை. மனைவியைச் சீட்டில் உட்காரவைத்து, "அமுக்கு, விடாத, இப்ப விடு" என்று கீழேயிருந்து கத்திக்கொண்டிருந்தேன். சக்கரம் சக்கரமாகக் காற்றை வெளியேற்றுவதில் வாங்கி வைத்திருந்த பிரேக் ஆயில் தீர்ந்துபோனது. மணி ஒன்பதரை. கடை மூடியிருக்கும். அலமாரியில், நண்பன் காருக்கு வாங்கி மீந்துபோன பவர் ஸ்டீயரிங் ஆயில் பாட்டில் இருந்தது. சிவப்பாக, பளிச்சென்று. இதுவும் அழுத்தம் கடத்துகிற எண்ணெய்தானே, பாஸ்கல் என்ன பிராண்டு பார்த்தா விதி எழுதினார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டப்பா நிறையும் வரை ஊற்றினேன்.

"என்னங்க செவப்பா இருக்குது?" என்றாள் மனைவி.

"எல்லாம் ஒண்ணுதான். நீ அமுக்கு."

பெடல் கல் மாதிரி நின்றது. வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். ஆணி அடித்ததுபோல் பிடித்தது. மேஸ்திரிக்கு ஃபோன் போட்டு, "திங்கக்கெழம வரல மேஸ்திரி, நானே பாத்துட்டேன்" என்றேன். "என்ன ஆயில் சார் ஊத்துனீங்க?" என்று கேட்டார். "பிரேக் ஆயில்தான்" என்றேன். அந்த நொடியில் உண்மையைச் சொல்லியிருந்தால் மறுநாள் காலையில் எல்லாம் சரியாகியிருக்கும்.

என்ன நடக்கும் என்பதை இப்போது விலாவாரியாகச் சொல்ல முடியும். ஜீப்பின் பிரேக் ரப்பர் கிளைக்கால் வகைத் திரவத்துக்கென்று செய்யப்பட்டது. டாட் 3 என்று டப்பாவில் போட்டிருப்பது அந்த வகை. ஸ்டீயரிங் ஆயில் பெட்ரோலியத்திலிருந்து வருவது. அது பட்டால் அந்த ரப்பர் ஊறிப் பெருக்கும். அன்றைக்கே தெரியாது, நாள்பட நாள்படத்தான் பெருக்கும். மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயில் டப்பாவிலிருந்து இறங்கும் இரண்டு துளை உண்டு. அதில் ஒன்று ஊசிமுனைத் துளை. பெடலை விட்டதும் சக்கரங்களிலிருந்து திரும்பும் ஆயில் அந்தத் துளை வழியாகத்தான் டப்பாவுக்குப் போக வேண்டும். பெருத்துப்போன ரப்பர் அந்தத் துளையை மூடிக்கொள்ளும். காலை எடுத்த பிறகும் அழுத்தம் உள்ளேயே நிற்கும். பிரேக் லைனிங் டிரம்மைவிட்டு விலகாமல் உரசிக்கொண்டே ஓடும். உரசினால் சூடு. டிரம் விரியும், லைனிங் பிடிப்பை இழக்கும், சக்கரத்தின் பக்கத்தில் இருக்கும் திரவம் கொதிக்கும். புது டாட் 3 திரவமே 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் உறிஞ்சிப் பழசானால் 140 டிகிரியே போதும். கொதித்தால் ஆவி. திரவத்தை நசுக்க முடியாது, ஆவியை நசுக்கலாம். அப்போது பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிற்காது. பாஸ்கல் விதியில் 'அடைபட்ட திரவம்' என்று ஒரு நிபந்தனை இருப்பதைப் பிள்ளைகளுக்கு அடிக்கோடிட்டுச் சொல்லுவேன்.

சில வாரம் கழித்து ஓமலூரில் உறவில் ஒரு வளைகாப்பு. மச்சானின் காரில் இடமிருந்தது, "இதுலயே வந்துடுங்க" என்றார். நான் ஜீப்பில்தான் வருவேன் என்றேன். மனைவி முன்னால், அத்தையும் மச்சான் பையனும் பின்னால். அதியமான்கோட்டை கால பைரவர் கோயிலில் நிறுத்திப் பூசணிக்காய் விளக்கு ஏற்றினோம். திரும்பி வந்தபோது வண்டியருகே தீய்ந்த வாசனை. "என்னமோ கருகுதே தம்பி" என்றார் அத்தை. "லாரிக்காரன் பிரேக் அத்தை" என்றேன். முன் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்திருந்தால் கை பொத்துப் போயிருக்கும். வண்டி வழக்கத்தைவிட மந்தமாக இழுத்ததும் எனக்குத் தெரிந்தது. பெரிய டயர், அதனால் என்று வைத்துக்கொண்டேன்.

பாளையம் சுங்கச்சாவடி தாண்டினால் தொப்பூர் கணவாய். தர்மபுரியிலிருந்து சேலம் போகிறவர்களுக்கு நெடுக இறக்கம். இந்த இறக்கத்தில் நடந்த விபத்துகளைத் தமிழ்நாடு முழுக்கப் பத்திரிகையில் படித்திருப்பார்கள். 2020 டிசம்பரில் சிமென்ட் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் நின்ற வண்டிகள்மேல் ஏறியதில் நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் லாரிகளும் கார்களும் மோதிக்கொண்டதில் இன்னொரு நான்கு பேர். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்காதீர்கள் என்று போலீசார் கரடியாய்க் கத்துகிறார்கள். ஒவ்வொரு விபத்தின்போதும் லாரி ஓட்டுநர்களைத் திட்டியவர்களில் நானும் ஒருவன். அன்றைக்கு இறக்கம் ஆரம்பித்ததும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். பெட்ரோல் வண்டி, லிட்டருக்கு ஏழெட்டு கிலோமீட்டர்கூடக் கொடுக்காது. கொஞ்சம் மிச்சமாகட்டுமே என்றுதான்.

முதல் வளைவில் மிதித்தேன், பிடித்தது. அடுத்ததில் பெடல் இறங்கியது. மூன்றாவது முறை காலுக்கடியில் ஒன்றுமே இல்லை. பம்ப் செய்தேன், தரையைத்தான் தொட்டது. முன்னால் கிரானைட் கல் ஏற்றிய லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. இரண்டாவது கியரைச் செருகினேன், எஞ்சின் அலறி வேகம் சற்றுக் குறைந்தது. முதல் கியருக்குப் போக முயன்றேன். இந்த கியர் பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது, ஓடும்போது எளிதில் விழாது. பல்லோடு பல் அரைத்த சத்தம் மட்டும் கேட்டது. எங்களைக் காப்பாற்றியது கை பிரேக். பழைய ஜீப்பில் அது சக்கரத்தில் இல்லை, பின்னால் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிற தனி டிரம். கேபிளில் இயங்குவது. என் சிவப்பு ஆயிலுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. நான் கை வைக்காத ஒரே பிரேக் அதுதான். அதை இழுத்துப் பிடித்துக்கொண்டே ஓரத்து மண்மேட்டில் வண்டியை ஏற்றினேன். நின்றது. பின் சீட்டிலிருந்து அத்தை முன்னால் வந்து விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. பையனுக்கு உதட்டில் கிழிசல். லாரி ஓட்டுநர் எதுவும் தெரியாமல் போய்க்கொண்டே இருந்தார்.

முன்னால் போயிருந்த மச்சான் காரைத் திருப்பிக்கொண்டு வந்தார். அம்மாவின் கையைப் பார்த்தார், பையனின் வாயில் ரத்தத்தைப் பார்த்தார். "பிரேக்க யாரு பாத்தது?" என்று கேட்டார்.

"மேஸ்திரிதான். போன மாசம்" என்றேன்.

யோசிக்க நேரமில்லாமல் வந்த பொய் என்று இதைச் சொல்லிக்கொள்ள ரொம்ப நாள் முயன்றேன். 'போன மாசம்' என்று தேதியும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேனே! மேஸ்திரி போன மாதம் பார்த்தது கிங் பின். அந்த வேலையை எல்லோரிடமும் என் வேலை என்று சொல்லியிருந்தேன். அவர் செய்ததை எடுத்துக்கொண்டு, நான் கெடுத்ததை அவர் தலையில் வைத்தேன். மனைவி பக்கத்தில் நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

வண்டியைக் கட்டி இழுத்துப் போக மேஸ்திரியே வந்தார். மச்சான் சாலையோரத்திலேயே அவரைப் பிடித்துக்கொண்டார். வயசுக்குக்கூட மரியாதை இல்லாமல், "ஆளக் கொல்லப் பாத்தியே" என்று ஆரம்பித்து வாய்க்கு வந்தபடி பேசினார். மேஸ்திரி ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார். நான் இழுவைக் கயிற்றின் முடிச்சைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். அவர் மறுத்துப் பேசவில்லை. "மொதல்ல அம்மாவ ஆஸ்பத்திரிக்கிக் கூட்டிட்டுப் போங்க தம்பி" என்றார்.

பட்டறையில் மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்தபோது ரப்பர் பெருத்து, நசநசவென்று, துளையை மூடிக்கொண்டு இருந்தது. விரலில் ஆயிலைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். "சார், இது பிரேக் ஆயில் இல்ல" என்றார். அவ்வளவுதான். எல்லா ரப்பரையும் தூக்கிப் போட்டார். ஹோஸ்கள் புதுசு, இரும்புக் குழாய்களை ஸ்பிரிட் விட்டுக் கழுவினார், லைனிங் மாற்றினார். கேட்ட கூலிக்கு மேலே ஒரு தொகை வைத்துக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார். எனக்குப் பெரிய நிம்மதி. வாங்கிக்கொண்டுவிட்டார், கணக்குத் தீர்ந்தது என்று அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். இதைச் சொல்லத்தான் எனக்கு அதிகம் கூசுகிறது.

கணக்கு தீரவில்லை. மச்சானுக்குச் சொந்தமாகப் பிக்கப் வண்டிகள் உண்டு, பாலக்கோடு மார்க்கெட்டிலிருந்து தக்காளி ஏற்றுபவை. அத்தனைக்கும் அந்தப் பட்டறையில்தான் வேலை நடக்கும். அவற்றை வேறிடத்துக்கு மாற்றினார். மார்க்கெட்டில் மற்ற வண்டிக்காரர்களிடமும், "அந்தாளுக்குக் கண்ணு தெரியல, பிரேக்ல வெளையாடிட்டான்" என்று சொன்னார். அவருக்கு அது உண்மை, அதனால் ஊருக்கு எச்சரிக்கை செய்வதாகத்தான் நினைத்தார். சீசன் நாளில் வண்டிகள் வரிசை கட்டும் அந்தக் கொட்டகை வாசல் வெறிச்சோடியது. கூட வேலை பார்த்த பையன் ஓசூருக்குக் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். தினமும் பள்ளிக்கூடம் போகும் வழி அதுதான். பார்த்துக்கொண்டுதான் போனேன். வேறு தெரு வழியாகப் போவதற்கும் பழகினேன்.

என்னை உடைத்தது மனைவியின் ஒரு வாக்கியம். அத்தைக்குக் கட்டுப் பிரித்த பிறகும் விரல் சரியாக மடங்கவில்லை. ஒருநாள் பூ கட்ட முடியவில்லை என்று அழுதிருக்கிறார். அதைச் சொல்லிவிட்டு மனைவி, "செவப்பு ஆயிலு ஊத்துனப்போ பெடல அமுக்குனது என் காலுதான். எங்கம்மாகிட்டயும் அண்ணங்கிட்டயும் இன்னும் எத்தன நாளைக்கி நான் வாய மூடிட்டு இருக்கணும்?" என்றாள். அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும் என்பதை நான் யோசிக்கக்கூட இல்லை. என் பொய்யை அவள் தன் தாய்வீட்டில் சுமந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். பெரிய டயர்களை விற்ற பணத்தை எடுத்துக்கொண்டு போய் முதலில் பணத்தைத்தான் நீட்டினேன், புத்தி இன்னும் அங்கேயே இருந்தது. மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு, "இது எதுக்கு சார்?" என்றார். சொன்னேன். சாலையோரத்தில் மச்சானிடம் சொன்னதை, கிங் பின் வேலையை என்னுடையது என்று பீற்றிக்கொண்டதை, ஃபோனில் சொன்ன பொய்யை, எல்லாவற்றையும்.

"ஆயிலப் பாத்தப்பவே தெரியும் சார். என்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? உங்க மச்சாங்கிட்ட சொல்லுங்க. மார்க்கெட்ல சொல்லுங்க" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தப் பணத்தை அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

ஜீப் இப்போது 6.00-16 டயரில், இரண்டே விளக்கில் ஓடுகிறது. எஞ்சின் ஆயில் மாற்றுவது, கிரீஸ் அடிப்பது, பிளக் சுத்தம் செய்வது, பாயின்ட் இடைவெளி வைப்பது இவ்வளவும் நானே செய்கிறேன், அதில் எனக்கு இப்போதும் சந்தோஷம்தான். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் மேஸ்திரியின் வேலை. பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். டப்பாவில் தவறான ஆயில் ஒரு மூடி விழுந்துவிட்டாலும், வெறுமனே உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றினால் போதாது. ரப்பர் அத்தனையும் மாற்ற வேண்டும். அதுவரை வண்டியை நகர்த்தாதீர்கள்.

மச்சானிடம் நேரில் சொல்லப் போய் வேறு ஏதேதோ பேசிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். எழுதினால் பின்வாங்க முடியாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இந்தப் பத்திரிகை அவர் வீட்டுக்கும் போகிறது. மச்சான், அன்றைக்குப் பிரேக்கில் கை வைத்தவன் நான், மேஸ்திரி அதைத் தொடவே இல்லை. நீங்கள் திட்டியதை மார்க்கெட்டில் எத்தனை பேர் கேட்டார்களோ அத்தனை பேரிடமும் இதைச் சொல்லுங்கள். வண்டிகளைத் திரும்ப அவரிடமே விடுங்கள். என்னை என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், வீட்டில்தான் இருப்பேன்.